மின்கலச் சேமிப்பும் இல்லத் தேவையும்

மின்சாரம் தடையின்றி வருங் காலத்தில் அதனைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. அது நின்ற பின்னரே வீட்டிலுள்ள பொருள்களுள் எவை இன்றியமையாதன, எவை வசதிக்கு மட்டும் உரியன என்னும் வினா எழுகின்றது. எரிபொருள் இறக்குமதிக்கு வேண்டிய அந்நியச் செலாவணி இன்மையாலும் நீர்த்தேக்கங்களில் நீர் குறைந்தமையாலும் 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அப்பொழுது வட்டுக்கோட்டையிலும் வீட்டுக்கு வீடு இவ்வினா எழலாயிற்று. பணவசதி உடையோரும், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் உதவி பெற்றோரும் பற்றரியும் இன்வேட்டரும் வாங்க முற்பட்டனர். கடைக்குச் சென்றவிடத்து அவர்களை முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, "எத்தனை கிலோவாற்று வேண்டும்?" என்பதாகும். அக்கேள்விக்கு விடை சொல்லுதற்கு முன் விடை காணவேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. மின்சாரம் இல்லாத இரவில் அவ்வீட்டில் எது நிற்கலாகாது என்பதே அது.

இக்கேள்வி குடாநாட்டு மக்களுக்குப் புதியதன்று. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்ட பின் யாழ்ப்பாணத்துக்கான மின்விநியோகம் அற்றுப்போயிற்று. ஆறு ஆண்டுகள் வரை குடாநாடு ஏறத்தாழ முற்றாக மின்சாரமின்றியே வாழ்ந்தது. மண்ணெண்ணெய் அரிதாயிற்று. வானொலிக்கும் மின்சூளுக்கும் இடுகின்ற சிறு உலர் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. அந்நிலையில் மக்கள் எவற்றைக் காத்துக்கொண்டனர் என்பது நோக்கற்பாலது. ஜாம் போத்தலுக்குட் பஞ்சை இட்டு, அது நனையுமளவுக்குச் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியொன்றைப் பொருத்திப் பிள்ளைகள் படிப்பதற்கு வெளிச்சம் செய்துகொண்டனர். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் தைனமோவிலிருந்து வந்த மின்னோட்டத்தால் வானொலியை இயக்கிச் செய்தி கேட்டனர். தீர்ந்துபோன மின்கலங்களை வெயிலிற் காயவைத்து அவற்றிலிருந்து இன்னுஞ் சிறிது நேரம் பெற்றோரும் உளர். துவிச்சக்கர வண்டியின் தைனமோ தருவது பெரும்பாலும் 6 வோல்ற்றில் 3 வாற்று மட்டுமே. அந்த 3 வாற்றுக்குள் ஒரு சமுதாயம் தன் முதற் தேவையைத் தெரிந்தெடுத்தது. படிப்பதற்கு ஒளி, உலகத்தோடு தொடர்பு என்பன முன்னின்றன, ஏனையவெல்லாம் பின்னின்றன.

1996இன் பின்னர் டீசல் மின்பிறப்பாக்கிகளின் துணையோடு மின்சாரம் படிப்படியாக மீண்டது. கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு உயரழுத்த வழி அமைக்கப்பட்டுக் குடாநாடு தேசிய மின்வலையமைப்போடு மீளவும் இணைந்தது 2013ஆம் ஆண்டிலேயே. அதன் பின் வளர்ந்த பிள்ளைகளுக்கு மின்சாரம் கிணற்று நீர் போல எப்பொழுதும் உள்ள ஒன்றாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆகவே 2022இல் அவர்கள் அடைந்த இடர்ப்பாடு பெற்றோர் அடைந்ததினும் மிகுதி எனலாம்.

பற்றரி வாங்குவோர் பெரும்பாலும் மயங்குமிடம் வலு, சக்தி என்னும் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதலாகும். ஒரு கணத்தில் எவ்வளவு வேகமாக மின்சாரம் எடுக்கப்படுகின்றது என்பது வலு. அது வாற்றில் அளக்கப்படும். மொத்தத்தில் எவ்வளவு எடுக்கப்பட்டது என்பது சக்தி. அது வாற்று மணியில் அளக்கப்படும். ஆயிரம் வாற்று மணியே மின்பட்டியலிற் காணும் ஓர் அலகு. தாங்கியிலுள்ள நீரின் அளவு சக்தியை ஒக்கும். குழாயின் அகலம் வலுவை ஒக்கும். இன்வேட்டரே குழாய், பற்றரியே தாங்கி. பெரிய தாங்கிக்குச் சிறிய குழாய் பொருத்தினால் வேண்டியபொழுது நீர் விரைந்து வாராது. சிறிய தாங்கிக்குப் பெரிய குழாய் பொருத்தினாலோ நீர் நொடியில் ஓடித் தீர்ந்துவிடும். பின்னையதே வீடுகளில் மிகுதியாக நிகழும் பிழை.

ஓர் உதாரணம் காட்டுதல் போதும். ஒன்றரை லீற்றர் நீரை மின்கேத்தலிற் கொதிக்கவைப்பதற்கு ஏறத்தாழ 140 வாற்று மணி செலவாகின்றது. அதே சக்தியைக் கொண்டு 9 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்று 15 மணி நேரத்துக்கு மேல் எரியும். ஒரு வேளைத் தேநீருக்கும் ஓரிரவு முழுவதற்குமான வெளிச்சத்துக்கும் விலை ஒன்றே! மின்னழுத்தி, மின்கேத்தல், சோறு சமைக்கும் மின்கலன் ஆகிய வெப்பந் தரும் கருவிகள் யாவும் இவ்வினத்தன. அடுப்பும் விறகும் எரிவாயுவும் உள்ள வீட்டில் வெப்பத்துக்காகப் பற்றரியைச் செலவிடுதல் தகாது. இதனை நீள விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, வட்டுக்கோட்டையில் ஐவர் வாழும் வீடொன்றைக் கருதுக. தாய், தந்தை, க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள், கீழ்வகுப்பிற் பயிலும் மகன், நீரிழிவு நோயுள்ள பாட்டியார் ஆகியோர் அங்குளர். பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை எனக் கொள்க. 9 வாற்று மின்குமிழ் நான்கு, மாலையிலிருந்து ஐந்து மணி நேரம் எரிந்தால் 180 வாற்று மணி. இணையத் தொடர்புக்குரிய 10 வாற்றுக் கருவி பதின்மூன்று மணி நேரமும் இயங்கினால் 130. கைத்தொலைபேசிகளுக்கு மின்னேற்ற 60. இரண்டு மின்விசிறிகள் இரவில் எட்டு மணி நேரம் சுழலவேண்டும். பழைய வகைக் கூரை மின்விசிறி ஒன்று ஏறத்தாழ 70 வாற்றை உண்ணும். ஆகவே இரண்டுக்கும் 1,120 வாற்று மணி. மொத்தம் 1,490.

இக்கணக்கில் நான்கில் மூன்று பங்கை மின்விசிறிகளே விழுங்கிவிட்டன. ஒளிக்கும் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் வேண்டியன யாவும் எஞ்சிய ஒரு பங்குக்குள் அடங்குகின்றன. சித்திரை, வைகாசி மாதங்களில் யாழ்ப்பாணத்து வீட்டில் விசிறி இன்றி உறங்குதல் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அரிது. ஆதலின் விசிறியை விலக்குதல் தீர்வாகாது, மாற்றுதலே தீர்வு. தூரிகையில்லா மோட்டரால் இயங்கும் புதுவகை விசிறி ஏறத்தாழ 30 வாற்றில் அதே காற்றைத் தரும். அவ்வகை இரண்டைப் பொருத்தினால் 1,120 என்பது 480 ஆகும்; மொத்தம் 850க்கு இறங்கும். எல்லாரும் உறங்கிய பின் ஏழு மணி நேரம் இணையக் கருவியை நிறுத்திவிட்டால் மேலும் 70 குறைந்து 780இல் நிற்கும். இரண்டு விசிறிகளின் விலை ஒரு பற்றரியின் விலையை மிச்சப்படுத்துகின்றது என்பதை விற்பனையாளர் எடுத்துரைப்பது அரிது.

எவ்வாறெனிற் கூறுவாம். சந்தையில் மிகுதியாகக் கிடைக்கும் ஈய அமிலப் பற்றரி 12 வோல்ற்று, 150 அம்பியர் மணி கொண்டது. இரண்டையும் பெருக்க 1,800 வாற்று மணி வரும். ஆயின் அவ்வளவும் பயன்படுவதன்று. அரைப் பங்குக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் விரைந்து குறையும். ஆகவே 900 எனக் கொள்ளுதலே முறை. இன்வேட்டரில் நேரும் இழப்பு பத்தில் ஒன்றுக்கு மேலாதலின், கைக்கு வருவது ஏறத்தாழ 800. மேலே கண்ட 780 இதற்குள் அடங்குகின்றது; 1,490 அடங்காது. இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகைப் பற்றரியில் ஐந்தில் நான்கு பங்கு வரை துணிந்து எடுக்கலாம். 12.8 வோல்ற்று, 100 அம்பியர் மணி கொண்ட அத்தகைய பற்றரி இழப்புப் போக ஏறத்தாழ 900 வாற்று மணி தரும். விலை கூடியது, ஆயினும் பன்மடங்கு முறை மின்னேற்றி இறக்கினும் தாங்கும், காய்ச்சி வடித்த நீரும் வேண்டாதது.

ஈய அமிலப் பற்றரியை 1859இற் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆக்கினார். நூற்றறுபது ஆண்டு கடந்தும் அதன் இயல்பு மாறவில்லை: நிறைந்திருத்தலையே அது விரும்பும். குறை நிறைவில் நெடுநாள் விடப்பட்டால் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிப் படிந்துவிடும். பின்னர் அது முன்போற் கரைந்து மீளாது. பெரிய பற்றரியே நல்லதென்று எண்ணுவோர் மறந்துவிடும் உண்மை இங்கேதான் உளது. பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு என்றால் மீளவும் நிரப்புவதற்கு எஞ்சியிருப்பது பதினொரு மணி நேரம். அதுவும் துண்டு துண்டாக வருவது. இன்வேட்டர் 15 அம்பியரில் மின்னேற்றுவதாயின், பாதியளவு இறங்கிய ஒரு பற்றரி நிரம்ப ஆறு மணி நேரம் போதும். அத்தகைய இரண்டு பற்றரிகள் நிரம்பப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். அஃதாவது அவை ஒருநாளும் நிரம்பமாட்டா. நீண்ட மின்வெட்டைக் கருதி வாங்கிய இரட்டைப் பற்றரி அந்நீண்ட மின்வெட்டாலேயே கெடுகின்றது. பற்றரியைப் பெருக்குவோர் மின்னேற்றும் ஓட்டத்தையும் அதற்கேற்பப் பெருக்குதல் வேண்டும். இல்லையேற் பணம் வீண்.

கிணற்று மோட்டர் தனித்து நோக்கற்குரியது. ஆறில்லாத குடாநாட்டில் நிலத்தடி நீரே வாழ்வு. மின்வெட்டு நீண்டால் தாகமும் உடன் வரும் என்னும் அச்சத்தால் மோட்டரையும் பற்றரியிற் சேர்க்குமாறு பலர் கேட்பதுண்டு. நிலமட்டத்திலிருந்து 5 மீற்றர் ஆழத்திலுள்ள நீரை 6 மீற்றர் உயரத்தாங்கிக்கு ஏற்றுவதாகக் கொள்க. ஆயிரம் லீற்றரை 11 மீற்றர் உயர்த்துதற்கு வேண்டிய சக்தி 30 வாற்று மணியே. மோட்டரினதும் பம்பியினதும் இழப்புக்களைக் கருதி நான்கு மடங்காகக் கொள்ளினும் 120. இஃது ஒரு பழைய மின்விசிறி இரண்டு மணி நேரம் சுழல்வதற்கு வேண்டியதினும் குறைவு. இடர் சக்தியிலில்லை, வலுவிலேயே உளது. 600 வாற்றில் ஓடும் மோட்டர் புறப்படும் கணத்தில் அதன் நான்கு, ஐந்து மடங்கை இழுக்கும். அக்கணத்தைத் தாங்குதற்காக மட்டும் 3 கிலோவாற்று இன்வேட்டர் வாங்க நேரிடுகின்றது. ஒரு நாளிற் சில நொடிகளுக்காக வீட்டின் முழு ஏற்பாட்டையும் மும்மடங்காக்குதல் அறிவுடைமையாகாது. மின்சாரம் உள்ளபொழுதே தாங்கியை நிரப்பிக்கொண்டால் அத்தாங்கியே ஒரு பற்றரி. அதற்கு இன்வேட்டரும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். கிணற்றை முற்றாக மூடிப் பலகை கட்டுவோர் ஒரு வாளி இறங்குமளவு வாயிலும், கப்பி தொங்கவிட ஓர் இரும்பும் விட்டுவைத்தல் நன்று. துலாவின் காலம் போயிற்று. கப்பியின் தேவை போகவில்லை.

குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி இவ்வளவு எளிதில் முடிவு கூற இயலாது. சிறிய பெட்டியொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் அலகு செலவிடும்; பதின்மூன்று மணி நேரத்துக்கு 540 வாற்று மணி. கதவைத் திறவாதிருந்தால் அது நான்கு மணி நேரம் வரை குளிரைக் காக்கும். மின்வெட்டு இரண்டு மூன்று கூறாகப் பிரிந்து வருமிடத்து அதனைப் பற்றரியிற் சேர்க்கவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை; உறைகூட்டில் நீர்ப்போத்தல்கள் சிலவற்றை உறையவைத்திருந்தால் அக்காலம் மேலும் நீளும். பாலும் மீனும் கெடுதல் நட்டமே. ஆயினும் தாங்கத்தக்க நட்டம்.

பாட்டியாரின் இன்சுலின் அத்தகையதன்று. திறவாத இன்சுலின் 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருத்தல் வேண்டும். பயன்பாட்டிலுள்ள குப்பியைக் குறித்த சில வாரங்களுக்கு அறை வெப்பத்தில் வைத்திருக்கலாம் எனினும் அவ்வறை வெப்பம் பெரும்பாலான வகைகளுக்கு 30 பாகையைத் தாண்டலாகாது. யாழ்ப்பாணத்துக் கோடையில் நண்பகல் அவ்வெல்லையைத் தாண்டுதல் இயல்பு. ஈர மணல் நிரப்பிய பெரிய மண்பானைக்குட் சிறு பானையை இறக்கி, அதனுள் மருந்தை நனையாதவாறு வைத்தால், நீர் ஆவியாவதால் உள்ளே சில பாகை குளிர்ச்சி நிலவும். பயன்பாட்டிலுள்ள குப்பிக்கு அது துணையாகும். மாதக்கணக்கிற் சேமித்த மருந்துக்கு ஆகாது. உறைந்த இன்சுலினும் கெட்டதே; ஆகவே பனிக்கட்டியை அதனோடு ஒட்ட வைத்தலும் பிழை. இத்தகைய நோயாளர் உள்ள வீட்டிற் குளிர்சாதனப் பெட்டி வசதிப் பொருள் அன்று, மருந்துப் பெட்டி. அவ்வீட்டில் 540 வாற்று மணியையும் கணக்கிற் சேர்த்து, பெட்டியின் அழுத்தி புறப்படும் வேகத்தைத் தாங்கும் இன்வேட்டரைத் தெரிதல் வேண்டும். தொலைக்காட்சியை அதன்பின் எண்ணலாம்.

ஒட்சிசன் செறிவாக்கி வேண்டிய நோயாளர் உள்ள வீட்டிற் கணக்கு முற்றாக மாறிவிடும். நிமிடத்துக்கு 5 லீற்றர் தரும் கருவி ஏறத்தாழ 300 வாற்றை இடைவிடாது எடுக்கும். பதின்மூன்று மணி நேரத்துக்கு 3,900 வாற்று மணி. ஏனைய நால்வரின் ஒளி, விசிறி, தொலைபேசி யாவும் சேர்ந்தும் இதன் கால்வாசிக்கும் வாரா. இங்கே பற்றரி மட்டும் போதாது. நிரப்பிய ஒட்சிசன் உருளையொன்றும் கைவசம் இருத்தல் வேண்டும். வீட்டின் பரப்போ அறைகளின் எண்ணிக்கையோ பற்றரியின் அளவைத் தீர்மானிப்பதில்லை. அதனுள் வாழ்வோரின் நிலையே தீர்மானிக்கின்றது.

வீடு முழுவதையும் பற்றரியில் இயக்குதல் பிழையென்று ஒரேயடியாக விலக்கவும் இயலாது. மாதத்துக்கு 120 அலகு செலவிடும் வீட்டுக்கு நாளொன்றுக்கு 4 அலகே வேண்டும். 5 கிலோவாற்று இன்வேட்டரும் அதற்கேற்ற இலிதியப் பற்றரியும் வாங்க வல்லோருக்கு அஃது எட்டாததன்று. எனினும் அதில் மறைந்திருக்கும் குறையொன்று உண்டு. எல்லா ஆளிகளும் வழமைபோல இயங்குமிடத்து மின்வெட்டு வந்ததே வீட்டாருக்குத் தெரியாது. ஒருவர் துணி அழுத்துவார்; ஒருவர் கேத்தலை ஏற்றுவார்; மோட்டர் தானே புறப்படும். நள்ளிரவிற் பற்றரி தீர்ந்தபின் படிக்கும் பிள்ளையின் மேசையும் பாட்டியாரின் மருந்தும் ஒருங்கே இருளில் ஆழும். திருவள்ளுவர் மயிலிறகு ஏற்றிய வண்டியை உவமை கூறியதும், வரவின் அளவறிந்து செலவிடுதலைப் பேசியதும் வலியறிதல் என்னும் ஒரே அதிகாரத்திலாம். வலுவையும் சக்தியையும் ஒருங்கு வைத்தெண்ணும் மின்னியலாருக்கும் அவ்வைப்புமுறை உவப்பானதே.

கூரையிற் சூரியத் தகடு உள்ளவர்கள் தமக்கு இவையொன்றும் வேண்டா என எண்ணுவதுண்டு. 2025ஆம் ஆண்டு பெப்புருவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று மின்மாற்றியிற் பட்டதால் நேர்ந்த கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. இருள் என்பது இங்கே சொல்லளவிலேயே. வானிற் சூரியன் எறித்துக்கொண்டிருந்தது. அவ்வெயிலிலும் வலையமைப்போடு மட்டும் இணைந்த சூரியத் தகடுகள் ஒரு வாற்றும் தரவில்லை. வெளியிலிருந்து மின்னழுத்தம் வாராவிடில் அவ்வகை இன்வேட்டர் தானே நின்றுவிடும். வழியைச் சீர்செய்யும் தொழிலாளியை மின்னேறாது காப்பதற்கான ஏற்பாடு அது; குறையன்று. அதே ஆண்டு ஏப்பிரிலிற் புத்தாண்டு விடுமுறை நாட்களில் மின்தேவை மிகக் குறைந்தபோது, கூரைச் சூரியத் தகடுகளைப் பகலிற் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை வேண்டிக்கொண்டதும் நினைவுகூரத்தக்கது. பற்றரியோடு இணைந்து, வலையமைப்பிலிருந்து பிரிந்தும் இயங்கவல்ல கலப்பு இன்வேட்டரே மின்வெட்டிற் சூரிய ஒளியைப் பயன்படுத்தும். தகடு வாங்குவோர் கையொப்பமிடுமுன் இதனைக் கேட்டறிதல் வேண்டும்.

தெரிந்தெடுத்த பொருள்களைப் பற்றரிக்கு ஒதுக்கும் முறை எளியது. மின்பங்கீட்டுப் பெட்டியிலிருந்து அவற்றுக்கெனத் தனிச்சுற்று ஒன்று பிரிக்கப்படும். படிக்கும் அறை, முதியோர் அறை, அடுக்களை விளக்கு, குளிர்சாதனப் பெட்டியின் சுவர்த்துளை ஆகியன அதிற் சேரும்; மோட்டர், அழுத்தி, கேத்தல் ஆகியன பொதுச்சுற்றிலேயே நிற்கும். அவ்வாறு பிரித்தபின் ஒருவருடைய மறதி மற்றொருவருடைய வெளிச்சத்தை உண்ணமாட்டாது. புதிதாக வீடு கட்டுவோர் கம்பி பதிக்கும்பொழுதே இதனைச் செய்தால் மேலதிகச் செலவு சிறிதே. பூசிய சுவரைப் பின்னர் வெட்டுதல் பெருஞ்செலவு. பிறப்பாக்கியோ இன்வேட்டரோ எதுவாயினும் வெளிவழியிலிருந்து வீட்டை முற்றாகப் பிரிக்கும் மாற்று ஆளியின்றி இணைத்தல் கொலைக்கு ஒப்பானது. வீட்டிலிருந்து பின்னோக்கிச் செல்லும் மின்சாரம் தெருவிலுள்ள மாற்றியில் உயரழுத்தமாகித் தொழிலாளியைத் தாக்கும்.

ஈய அமிலப் பற்றரி மின்னேறும்போது ஐதரசன் வாயுவை வெளியிடும். எனவே காற்றோட்டமுள்ள விறாந்தையே அதற்குரிய இடம். இடமில்லை என்று அதனைச் சுவாமி அறையின் மூலையில் வைத்து, அருகே விளக்கேற்றுதல் அஞ்சத்தக்க வழக்கம்.

வாங்குதற்கு முன் செய்யத்தக்க சோதனையொன்று உண்டு, அதற்குச் செலவில்லை. வெக்கை மிகுந்த வைகாசியில், ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வீட்டின் முதன்மை ஆளியைத் தணித்துவிட்டு, மறுநாட் காலை வரை அவ்வாறே இருந்து பார்த்தல் வேண்டும். எந்த ஆளியை நோக்கிக் கை முதலிற் சென்றது, யார் எதனைக் கேட்டார், எத்தனை மணிக்குக் கேட்டார் என்பவற்றை ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். கடைக்குக் கொண்டு செல்லவேண்டியது அந்தத் தாளையே.